கேளுங்கோ, கழட்டுவம்

கேள்வி: அப்பப்பாவின் பழைய தூண்டில் றீல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. 2009இல் இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றி, வாளிக்குள் வைத்து வளவில் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டி எடுத்ததிலிருந்து அலுமாரியில் கிடக்கிறது. மிச்சல் 300, பிரான்ஸ் என்று எழுதியிருக்கிறது. கைபிடி சுற்றுகிறது, ஆனால் மா உரல் சுற்றுவதுபோல் இறுக்கம். கழட்டினால் திரும்பப் பூட்ட முடியுமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, பூட்டலாம். அந்த றீல் கழட்டிப் பூட்டுறதுக்கெண்டே செய்தது. பிரான்சில குளூஸ் எண்டொரு ஊர், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட. மணிக்கூட்டு வேலைக்குப் பேர்போன இடம். அங்க கார்ப்பானோ அன் போன்ஸ் எண்ட கொம்பனி செய்ததுதான் மிச்சல். உள்ளுக்குப் பாத்தீங்களெண்டால் மணிக்கூட்டுக்காரன்ர கை தெரியும்.

இறுக்கம் துருவாலதான் எண்டு உடன நினைக்காதையுங்கோ. என்னட்ட வந்த பழைய றீலுகளில அரைவாசிக்கு மேல வருத்தம் கிறீஸ் காய்ஞ்சதுதான். மெழுகுபோல இறுகிப் பல்லுகளுக்கிடையில நிண்டுடும். இன்னொரு சந்தேகமும் இருக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில கிறீசைக் கண்ணால காண ஏலாது. காபரேட்டருக்குள்ள ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணிப்போட்டு, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின நாள்கள். அப்ப றீலுக்கு என்ன விட்டனாங்கள்? தேங்காயெண்ணெய். நானும் ஒரு வாடிக்கைக்காரர்ர றீலுக்குள்ள தாராளமா விட்டுக் குடுத்தன். ஒரு கிழமைக்கு வெண்ணெய் மாதிரிச் சுத்திச்சுது. மாரி முடிய மனுசன் கொண்டுவந்து மேசையில வைச்சார், பிசின் வைச்சு ஒட்டின மாதிரி. ஒண்டும் பேசேல்லை, அதுதான் இண்டைக்கும் சுடுது. உங்கட அப்பப்பாவும் விட்டிருக்கக்கூடும். பக்கமூடியைத் திறந்த உடன மணந்து பாருங்கோ. காறல் மணம் வந்தால் அதுதான்.

பகல் வெளிச்சத்தில, காத்தாடியை நிப்பாட்டிப்போட்டு, வெள்ளைத் துணி ஒண்டை விரிச்சுக்கொண்டு இருங்கோ. ஒவ்வொண்டையும் கழட்ட முன்னம் ஃபோனில படம் எடுங்கோ. கழட்டினாப் பிறகு எடுக்கிற படத்தால பிரியோசனமில்லை.

முதலில ஸ்பூல், நூல் சுத்தியிருக்கிற உருளை. சில மிச்சலில நடுவில பொத்தான் இருக்கும், அமத்தினால் வரும்; இல்லாட்டி முன்னுக்குள்ள பிரேக் (மீன் இழுக்கேக்க நூலைப் பிடிச்சுப் பிடிச்சு விடுறது) திருகை முழுக்கக் கழட்டோணும். ஸ்பூலுக்குள்ள பிரேக் வொசருகள் அடுக்கா இருக்கும். ஒரு ஈர்க்கை எடுத்து, வெளியில வாற ஒழுங்கிலேயே அதில கோத்து வையுங்கோ. பூட்டேக்க ஈர்க்கைத் தலைகீழாப் பிடிச்சால் ஒழுங்கு தானா வரும். இரும்பு வொசரும் மெத்து வொசரும் மாறி மாறி இருக்கோணும். ஒழுங்கு குழம்பினால் பிரேக் ஒண்டில் பிடிக்காது, இல்லாட்டி விடாது.

அடுத்தது கைபிடி. இதிலதான் கனபேர் உடைக்கிறது. 300 இடக்கையால சுத்துறது (வலக்கைக்கு 301 எண்டு தனியா இருக்கு). உங்கட கைபிடி உடம்புக்குள்ள திருகிப் பூட்டுற வகையெண்டால், சைக்கிளின்ர இடப்பக்கப் பெடலை நினைச்சுக்கொள்ளுங்கோ, அதின்ர புரி மறுபுரி. மீனை இழுக்கச் சுத்தச் சுத்தக் கைபிடி இறுகோணும், அதுக்காகத்தான் அப்பிடி வைச்சவங்கள். அதால மீன் இழுக்கிற பக்கத்துக்கு எதிராச் சுத்தினால்தான் கழரும். குறட்டாலை பிடிச்சு மற்றப் பக்கம் முறுக்கினீங்களெண்டால் புரி போச்சு.

பக்கமூடியின்ர திருகாணியில வெள்ளைப் பூப்போலப் படிஞ்சிருந்தால் உப்பு அலுமினியத்தை அரிச்சிருக்கு. வெட்டுக்குச் சரியாப் பொருந்துற ஸ்குறூட்றைவர் இல்லாமல் தொடாதையுங்கோ. அரத்தால ராவியாவது அளவாக்குங்கோ. துரு இளக்கிற ஒயில் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கோ. அப்பவும் அசையாட்டி, ஈயம் பத்துற கம்பியைச் சூடாக்கி ஆணித்தலையில ஒரு நிமிசம் வையுங்கோ. சுத்தியல் வேண்டாம்.

மூடி திறந்தாப் பிறகு அவசரப்படாதையுங்கோ. கடதாசி மாதிரி மெல்லிய வொசருகள் பழைய கிறீசோட சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கும். அதைக் காணாமல் மண்ணெண்ணெயில கழுவி ஊத்தினால், பூட்டினாப் பிறகு பல்லு உரசும், ஏனெண்டு வாழ்நாளில விளங்காது. அதுகளை முதலில எடுத்து, எந்தப் பக்கம் எத்தினை எண்டு எழுதி வையுங்கோ. மிச்சத்தை மண்ணெண்ணெயும் பழைய பல்லுப் பிரஷும் பாத்துக்கொள்ளும். மெத்து வொசரை மட்டும் மண்ணெண்ணெயில போடாமல் துணியால துடையுங்கோ.

கிறீஸ் பூசேக்க கை நீளக்கூடாது, பல்லில மெல்லிசாப் படிஞ்சால் காணும். தண்டுக்கும், நூல் ஓடுற சின்ன உருளைக்கும், பெயில் கம்பியின்ர (நூலைப் பிடிச்சு ஸ்பூலில சுத்துற வளைஞ்ச கம்பி) மூட்டுக்கும் தையல் மெசின் ஒயில் ஒவ்வொரு சொட்டு. பின்சுத்தலைத் தடுக்கிற சின்ன நாக்கில கிறீஸ் படவே கூடாது. அது ஒட்டிக்கொண்டால், பாரை ஒண்டு இழுக்கிற நேரம் கைபிடி பின்னுக்குச் சுழண்டு வந்து உங்கட விரல் மொளியில அடிக்கும்.

பெயில் கம்பி ஒழுங்காத் திறந்து மூடினால் அதின்ர ஸ்பிரிங்கைக் கழட்டாதையுங்கோ. இந்த மிச்சலின்ர பலவீனமே அந்த ஸ்பிரிங்தான். நான் ஒருக்கா முற்றத்தில இருந்து கழட்ட, அது பாய்ஞ்சு மணலுக்குள்ள போட்டுது. அரிதட்டு வைச்சு அரிச்சும் கிடைக்கேல்லை. கடைசியில உடுப்புக் காயப்போடுற கிளிப்பின்ர ஸ்பிரிங்கை வளைச்சுப் போட்டன். ஒரு மாரிக்குத் தாக்குப் பிடிச்சுது. மனுசி கிளிப்பை இன்னும் தேடுறா.

உள்ள தங்கூசி (நைலோன் நூல்) தாட்ட காலத்ததெண்டால் வெட்டி எறியுங்கோ. களப்புக்குள்ள இல்லை, குப்பைக்குள்ள. புதுசு சுத்தேக்க ஸ்பூலின்ர விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் விட்டு நிப்பாட்டுங்கோ.

கேள்வி: என் பழைய றீலைச் சுற்றும்போது டிக் டிக் என்று சத்தம். பல்லு போய்விட்டதா?
— வாசகர், விசுவமடு

பதில்: பின்சுத்தல் தடுக்கிற நெம்பை மற்றப் பக்கம் தட்டிப்போட்டுச் சுத்திப் பாருங்கோ. சத்தம் நிண்டால் அது நாக்குப் பல்லில தட்டுற சத்தம். அப்பிடித்தான் இருக்கோணும். நிக்காமல் கரகரத்தால் மேல சொன்ன மாதிரித் திறவுங்கோ.

கேள்வி: கடலுக்குப் போய்வந்தால் என் கணவர் றீலை நல்லதண்ணி வாளிக்குள் அமத்திக் கழுவுகிறார். சரியா, ஐயா?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: இல்லைப் பிள்ளை. வெளியில இருக்கிற உப்பைத் தண்ணியோட சேத்து உள்ளுக்கு அனுப்புறார். பிரேக்கை இறுக்கிப்போட்டு, ஈரத் துணியால துடைச்சு, நிழலில காயவிடச் சொல்லுங்கோ. காய்ஞ்ச உடன பிரேக்கைத் தளர்த்தி வைக்கோணும். இறுக்கினபடி விட்டால் மெத்து வொசர் சப்பளிஞ்சுபோடும். நீங்கள் சொல்லிக் கேக்காட்டி, நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.