எக்ஸொமொலொகெயோ: அறிக்கையா, துதியா?

கேள்வி: சங்கீதம் 18:49-இல் ‘உம்மைத் துதித்து’ என்றிருப்பது ரோமர் 15:9-இல் மேற்கோளாக வரும்போது, பழைய மொழிபெயர்ப்பில் ‘உம்மை அறிக்கைபண்ணி’ என்று ஆகிறது. பவுல் வசனத்தை மாற்றிவிட்டாரா?

பதில்: மாற்றவில்லை. சங்கீதத்தில் நிற்கும் எபிரேய வினை ‘ஹோதா’. பாவத்தை ஒத்துக்கொள்வதற்கும் கடவுளைப் போற்றுவதற்கும் அந்த ஒரு வினையே வரும். அதற்கு இணையாக, செப்டுவஜின்ட் எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டை ஆக்கியவர்கள் எக்ஸொமொலொகெயோ என்ற சொல்லைப் பெரும்பாலும் கையாண்டதால், ஒப்புக்கொள்ளுதலைக் குறித்துவந்த அந்தக் கிரேக்கச் சொல்லில் போற்றுதலும் ஏறிக்கொண்டது. பவுல் எடுத்தாள்வது அந்தக் கிரேக்கச் சங்கீதத்தையே.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதற்கு வேற்றுமையைப் பாருங்கள். மத்தேயு 3:6-இல் ‘பாவங்களை’ என்று இரண்டாம் வேற்றுமை வருகிறது, ஆகவே அறிக்கை. மத்தேயு 11:25-இல் ‘எக்ஸொமொலொகூமாய் சொய்’, அதாவது ‘உமக்கு’ என்று நான்காம் வேற்றுமை வருகிறது. அங்கே ‘ஸ்தோத்திரிக்கிறேன்’ என்று சரியாகவே பெயர்த்திருக்கிறார்கள். ரோமர் 15:9-இலும் அதே ‘சொய்’ இருப்பதால், ‘துதிப்பேன்’ என்பதே அங்கும் பொருந்தும் என்பேன்.

கேள்வி: அல்லேலூயா கிரேக்கச் சொல்லா?

பதில்: எபிரேயம். புதிய ஏற்பாட்டில் வெளிப்படுத்தல் 19-இல் மட்டும் 4 முறை வருகிறது.

கேள்வி: எக்ஸொமொலொகெயோவுக்குள் இருக்கும் ‘ஹோமோ’ என்றால் ஒரே, ‘லொகோஸ்’ என்றால் சொல். ஆகவே கடவுள் சொன்னதையே திருப்பிச் சொல்வதுதான் உண்மையான துதி என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

பதில்: வேரைத் தோண்டிப் பொருள் எடுக்காதீர்கள் என்று எப்போதும் சொல்லிவருகிறேன். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று என்பதற்காகத் தேங்காய் எண்ணெயில் எவரும் எள்ளைத் தேடுவதில்லை. லூக்கா 22:6-இல் இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் ‘சம்மதித்து’ என்பதற்கும் இதே வினைதான் நிற்கிறது; அது எவ்விதத் துதி?

கேள்வி (அதே நண்பர்): அங்கே மட்டும் செய்வினை வடிவம், அதை விதிவிலக்காகத் தள்ளிவிடலாமே?

பதில்: வடிவத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். பழைய கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு அமைத்த இன்றைய திறனாய்வுப் பதிப்புகளில், புதிய ஏற்பாட்டில் இவ்வினை வரும் 10 இடங்களில் மற்ற 9-இலும் நடுவினை வடிவமே (செயல் செய்பவரையே சார்ந்து நிற்பதைக் காட்டும் கிரேக்க வினைவடிவம்) உள்ளது. ஆனால் வடிவம் மாறினால் பொருள் மாறும் என்றால், வேர் பொருளைத் தீர்மானிக்கவில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: ஆதியாகமம் 29:35-இல் லேயாள் ‘கர்த்தரைத் துதிப்பேன்’ என்று சொல்லி மகனுக்கு யூதா என்று பெயரிடும் இடத்திலும் கிரேக்கத்தில் இதே வினைதான், யூதாஸ் என்பதும் அதே பெயர்தான். இதை வைத்து ஒரு பிரசங்கம் கட்ட எவருக்கும் ஆசை வரும், ஆனால் லூக்கா அப்படி எண்ணினார் என்பதற்கு அந்த வசனத்தில் ஒரு தடயமும் இல்லை.

கேள்வி: ‘ஹோமோ’ என்றால் ‘ஒரே’ என்பதால்...

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

கேள்வி: இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதா?

பதில்: இல்லை. மத்தேயு 11:25-இல் இயேசுவின் பேச்சு லத்தீனில் ‘கொன்ஃபித்தேயோர்’ என்று தொடங்கும். அச்சொல் வாசிக்கப்பட்டதுமே சபையார் பாவ அறிக்கை என்று எண்ணி மார்பில் அடித்துக்கொண்டதைச் சுட்டிக்காட்டிய பழங்காலத் திருச்சபை ஆயர் அகுஸ்தீன், பாவமே இல்லாத கிறிஸ்து இங்கே பேசுகிறார், ஆகவே இது துதி என்று ஒரு பிரசங்கத்தில் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.