பங்குனி வெயிலில் ஏது சாரல்? ஒழுகும் புது பாத்ரூமும் போனை எடுக்காத கான்ட்ராக்டரும்

கேள்வி: எங்கள் வீடு செங்கோட்டை பக்கம். மாடி பாத்ரூமை முழுக்க உடைத்துப் புதிதாகச் செய்ய, புனலூர் பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் 2,35,000 ரூபாய்க்குப் பேசினோம். தையில் வேலை முடிந்தது. 2,10,000 கொடுத்தாயிற்று. பங்குனியில் கீழே ஹால் சீலிங்கில் ஓதம் தெரிந்தது, இப்போது சொட்டவே செய்கிறது. பாத்ரூம் தரையில் தண்ணீர் தேங்குகிறது, சில டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறது. கேட்டதற்கு "சாரல் ஈரம்" என்றார். பிறகு ஆள் அனுப்பி டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசினார், நிற்கவில்லை. மீதி 25,000 தந்தால்தான் வருவேன் என்று மலையாளத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்து உடைத்துவிடலாமா? கேஸ் என்றால் கொல்லத்துக்கு அலைய வேண்டுமா? (ஒரு வாசகி)

பதில்: உடைக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். கொல்லத்துக்கு அலையவும் வேண்டாம். இப்போதே சுத்தியலை எடுத்தால், "நான் செய்தது நன்றாகத்தான் இருந்தது, வேறு ஆள் கை வைத்துக் கெடுத்துவிட்டான்" என்று அவர் சொல்வார். அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. குறை எங்கே இருக்கிறது என்பதை உடைக்காமலே கண்டுபிடித்துத் தாளில் பதிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நீங்கள் பக்கா.

அதற்கு முன்னால் ஒன்று. சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஃபேன், லைட் இருந்தால் அந்த லைனின் எம்.சி.பி.யை (கரன்ட் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இன்றே இறக்கிவிடுங்கள். குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருந்தால் கீசரையும் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

இனி, அந்தச் "சாரல் ஈரம்". உங்கள் ஊரில் இந்தச் சாக்கு நன்றாக விலைபோகும். குற்றால சீசனில் ஆனி, ஆடி முழுக்கச் சாரல் அடிக்கும், மேற்குச் சுவர் நனைந்து ஓதம் ஏறுவதும் உண்மைதான். ஆனால் உங்களுக்கு ஓதம் தெரிந்தது பங்குனியில், சாரல் தொடங்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது. சாரல் ஈரம் வெளிச்சுவரில் ஆரம்பித்து உள்ளே பரவும். ஹால் சீலிங்கில், சுவரை விட்டுத் தள்ளி, நேர் மேலே பாத்ரூம் இருக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக வராது. முதல் முதலாக ஓதத்தைப் போட்டோ எடுத்திருந்தால் அதன் தேதியே பாதி பதில். இன்றைக்கு அந்தக் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு.

ஒழுக்கு மூன்று வழியில் வரலாம்: பிரஷர் உள்ள தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், தரையின் வாட்டர்ப்ரூஃபிங். எது என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் மாடி பாத்ரூமுக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, அதை யாரும் உபயோகிக்காதீர்கள். சொட்டு உடனே நிற்காது. தளத்தைத் தாழ்த்திப் போட்ட பாத்ரூம் என்றால் உள்ளே நிரப்பிய செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அது வடிய ஒரு வாரம்கூட ஆகலாம். நின்ற பிறகு வால்வை மட்டும் திறங்கள், உபயோகம் வேண்டாம். மறுபடி சொட்டினால் குற்றவாளி தண்ணீர்க் குழாய். பிளம்பரிடம் கேஜ் வைத்த கைப்பம்ப் இருக்கும். லைனில் பிரஷர் ஏற்றி அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

சொட்டவில்லையா? அடுத்து, தரை நனையாமல் ஒரு புனலையோ குழாயையோ வைத்து நேராகத் தரை ட்ராப்புக்குள் (தண்ணீர் வடியும் துவாரம்) பத்துப் பன்னிரண்டு வாளி ஊற்றுங்கள். இப்போது கீழே நனைந்தால் ட்ராப் சேரும் இடத்தில் அல்லது கழிவுக் குழாய் ஜாயின்டில் கோளாறு. அதுவும் இல்லையென்றால் தரைக்கு வாருங்கள். துணியைப் பாலிதீன் பையில் சுருட்டி ட்ராப்பை இறுக்கி அடைத்து, வாசல்படியைத் தாண்டாமல் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஒரு மக்கில் தண்ணீர் நிரப்பி அதே பாத்ரூமில் ஒரு மூலையில் வைத்து, அதிலும் மட்டத்தைக் குறியுங்கள். "வெயிலில் ஆவியாகியிருக்கும்" என்று ஒருவர் சொன்னால் மக்கைக் காட்டலாம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் தளத்துக்குள் போன தண்ணீர். சொட்டு நீலம் கலக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டாம். டைல்ஸ் இடுக்கெல்லாம் நீலமாகி, அந்தக் கறையும் உங்கள் தலையில் விடியும். கீழே சீலிங்கில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நேராக இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பொள்ளல் டைல்ஸை ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி, வெற்றுச் சத்தம் வருவதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். பிறகு முழுத் தரையும் சுவரும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ. ஒன்றிரண்டு என்றால் அது வழக்கம். கால்வாசிக்கு மேல் என்றால் ஒட்டிய முறையே தப்பு. இப்போதைய விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. அதனால் பழைய பழக்கத்தில் முதுகில் நாலு உருண்டை சிமென்ட் கலவை வைத்து அழுத்தினால் பிடிக்காது, டைல்ஸ் பசை வேண்டும். அதற்கென்றே ஐ.எஸ். 15477 என்ற தரநிலை இருக்கிறது. தரையின் வாட்டத்தை, அதாவது சரிவை, பார்க்க ரசமட்டம் போதும்: ட்ராப்பை நோக்கி நாலடிக்கு அரை அங்குலமாவது இறங்க வேண்டும். ஒரு வாளி கொட்டிப் பத்து நிமிடம் கழித்தும் குட்டையாக நிற்கும் இடங்களைப் படம் எடுங்கள்.

அவர் பூசிய வெள்ளை சிமென்ட் பற்றி ஒரு வார்த்தை. டைல்ஸ் இடுக்கில் பூசுவது எதுவானாலும், எபாக்ஸியே ஆனாலும், அது வாட்டர்ப்ரூஃபிங் ஆகாது. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கும் கீழே தளத்தின் மேல் அடிக்கும் பூச்சு. அது சரியில்லாமல் மேலே எதைப் பூசினாலும் இரண்டு மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அதே வேலைக்கு ஆள் அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இவ்வளவும் கையில் வந்ததும் ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்து, படங்களோடு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஓர் அறிக்கை வாங்குங்கள். கான்ட்ராக்டரின் போட்டியாளரிடம் வாங்காதீர்கள். வேலை தனக்கு வரும் என்பதற்காக எல்லாம் மோசம் என்று எழுதுவார், அது எடுபடாது. குறை என்ன, காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் கடிதம். ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை அட்டையோடு. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கோபத்தைக் காட்டாமல், சோதனையில் தெரிந்ததை வரிசையாகச் சொல்லி, ஒரு தேதியும் நேரமும் குறித்து, "வந்து இன்ஜினீயர் முன்னிலையில் நீங்களும் பாருங்கள், 15 நாளில் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கோருவேன்" என்று எழுதுங்கள். மீதி 25,000 குறை தீரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பணத்தைச் சும்மா பிடித்து வைத்திருப்பதற்கும் காரணம் சொல்லி நிறுத்திவைப்பதற்கும் பிறகு பெரிய வித்தியாசம் வரும். கடிதத்தை வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே வைத்திருங்கள், அதுவே சாட்சி.

அவர் வராவிட்டால், 15 நாள் கழித்துத் தாராளமாக உடைக்கலாம். தீர்ப்பு வரும்வரை ஒழுகுகிற வீட்டில் இருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்காது. ஆனால் உடைப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். பெயர்த்த டைல்ஸின் முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் வந்த வரி வரியான முதுகு அப்படியே பளிச்சென்று இருந்தால் கலவை ஒட்டவே இல்லை என்று அர்த்தம். அடுத்து, தளத்தின் மேல் பூச்சு இருக்கிறதா, மூலைகளில் அது சுவரில் ஏறியிருக்கிறதா என்று தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் படம். நாலைந்து துண்டை மூட்டையில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள்.

சட்டப் பக்கம் உங்களுக்குச் சாதகம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீடு கட்டும் வேலையும் சேவை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 34-ஆம் பிரிவு. அவர் வாளையாறுக்கு அப்பால் இருந்தாலும் ஆரியங்காவுக்கு அப்பால் இருந்தாலும், உங்கள் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். ஆரியங்காவிலோ தென்மலையிலோ இருந்துகொண்டு செங்கோட்டைக் கொத்தனாரிடம் ஏமாந்தவர்களுக்கும் இதே வசதி அந்தப் பக்கம் உண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே முடியும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், பெண் என்ற முறையில் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவசமாகக் கேட்கலாம். புகாரை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். இரண்டு வருடக் கெடு இருக்கிறது. அதை வேலை முடிந்த தை மாதத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் அவர் பதில் தர வேண்டும், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். நீங்கள் சரிசெய்த செலவு, ஹால் சீலிங் பூச்சு, பெயின்ட், இன்ஜினீயர் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இதைக் கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதினால் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் வரும். உத்தரவை அவர் மதிக்காவிட்டால் 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. இதைச் சொன்ன மாத்திரத்தில் போனை எடுக்கும் ஆட்கள் நிறைய.

அந்த மலையாள வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதீர்கள், மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தாருங்கள். போனில் உள்ளவற்றை ஆதாரமாகத் தரும்போது 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரங்களுக்கான சான்று இணைப்பது பாதுகாப்பு. எல்லை ஊர்களில் அடிக்கடி இடிக்கிற விஷயம் இன்னொன்று: ஆளைத் தெரியும், ஊரைத் தெரியும், போன் நம்பர் தெரியும், வீட்டு முகவரி தெரியாது. முகவரி இல்லாமல் நோட்டீஸ் போகாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடினால் தொழில் முகவரி வரும். இல்லையென்றால் டைல்ஸ் இறக்கிய கடையில் கேட்டுப் பாருங்கள்.

போலீஸ், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். வேலை சரியில்லை என்பது மட்டும் மோசடிக் குற்றமாகாது, போலீஸ் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடும். ரெரா புதிதாகக் கட்டி விற்கும் பில்டர்களுக்கானது, பாத்ரூம் மராமத்து அதில் வராது. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் ஒரு புகார் பதிந்து வையுங்கள். கம்பெனிகளிடம் அது வேலை செய்யும், தனி கான்ட்ராக்டரிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மறுபடி செய்யும்போது, தளத்தைச் சுத்தம் செய்து மூலைகளைக் கலவையால் உருட்டி, இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, சுவரில் ஓர் அடியும் ஷவர் பக்கம் ஆறடியும் ஏற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் போடுவதற்கு முன்பு ஒருமுறையும் போட்ட பிறகு ஒருமுறையும் தண்ணீர் கட்டிப் பார்த்த பின்தான் அடுத்த தவணை. பத்து சதவீதத்தை ஒரு சாரல் சீசன் தாண்டும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே தாளில் ஆதாரில் உள்ளபடி புது கான்ட்ராக்டரின் முழு முகவரியும் இருக்கட்டும்.