வாகனம் கேள்வி–பதில்: வேகத்தடை தாண்டுமா ஆர்எஸ்?

கேள்வி: அண்ணே, வீடு கோட்டையூர், கடை காரைக்குடி. வாரம் ஒருமுறை சரக்கெடுக்கத் திருச்சி. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஒன்று செகண்ட் ஹேண்டில் நல்ல கண்டிஷனில் வருகிறது. இந்தியாவுக்கு வந்ததே 200 வண்டிதானாம். இதையே தினமும் ஓட்டலாமா, இல்லை புது ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் 1.5 எடுத்துவிடவா? அப்பத்தா, பிள்ளைகள் எல்லாரும் ஏறுகிற வண்டி.
– கோட்டையூர் வாசகர்

பதில்: வீட்டில் இருக்கப்போகிற ஒரே வண்டி அதுதான் என்றால் வேண்டாம் தம்பி.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஸ்பெஷல் எடிஷன் என்று வருவதில் பலவும் ஸ்டிக்கர், கறுப்புக் கூரை, சிவப்பு நூல் தையல் அவ்வளவுதான். 2024-ல் வந்த வெர்ட்டஸ் ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டிலும் பானெட்டுக்குள் அதே 1.5 லிட்டர், 150 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின்தான். 2020-ல் வந்த இந்த 245 அந்த ரகமில்லை. 2 லிட்டர் டர்போ, 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு விநாடிகூட ஆகாது. திருச்சி ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் போதும்.

சிக்கல் டயரில் இருக்கிறது. 225/40 ஆர்18 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 9 சென்டிமீட்டர். வெர்ட்டஸின் 205/55 ஆர்16-ல் அது பதினொன்றேகால். பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ள அந்த இரண்டு சென்டிமீட்டர் ரப்பர் இல்லையென்றால் ரிம்தான் வாங்கும். நம்ம பக்கம் வெள்ளைக்கோடுகூட இல்லாமல் திடீரென்று வந்து நிற்கிற வேகத்தடைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விலை பேசுவதற்கு முன்னால் டேங்கை நிரப்பி, வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். தனியாக ஓட்டும்போது அடி தட்டாத வண்டி ஆள் ஏறினால் தட்டும். அப்பத்தா முன் சீட்டிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுந்திருக்கிறார் என்றும் பாருங்கள். அப்புறம் குனிந்து முன் பம்பரின் அடி விளிம்பையும், சக்கரத்துக்கு உள்பக்கம் ரிம் ஓரத்தையும் விரலால் தடவுங்கள், உரசலும் நெளிசலும் அங்கேதான் தெரியும். டயரின் பக்கச் சுவர் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தால் அந்த டயர் போச்சு.

பாகம் விஷயம் சுருக்கமாக: 200 வண்டிக்கு யாரும் பம்பரை ஸ்டாக் வைத்திருக்க மாட்டார்கள், ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) கிடைப்பதும் கஷ்டம். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இதுவோ அதற்கு முந்தைய வண்டி. என்ன பெட்ரோல் போடச் சொல்லியிருக்கிறது என்று மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

வெர்ட்டஸையே எடுங்கள். 150 பிஎஸ் நம்ம ரோட்டுக்குத் தாராளம், கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 179 மில்லிமீட்டர். இரண்டாவது வண்டி வாங்கும் வசதி வந்தால் ஆர்எஸ்ஸைத் தேடலாம், ஓட்டுவதற்கு அவ்வளவு நல்ல வண்டி.

கேள்வி: 2025-ல் 100 வண்டி மட்டும் வந்த புது ஆர்எஸ், 49.99 லட்சம். பின்னால் விலை ஏறுமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: தினமும் ஓட்டுவதென்றால் அந்தக் கணக்கை விடுங்கள். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். 265 பிஎஸ், 19 இன்ச் ரிம். டயர் பற்றி மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.