வாசகர் கேள்வி – பதில்: அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம்

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிடுவோர் தொலைக்காட்சி விவாதத்தில் கட்டாயம் பங்கேற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்நாட்டின் அரசியல் சாசனத்திலோ தேர்தல் சட்டங்களிலோ அப்படியொரு விதி கிடையாது. வேட்பாளர்கள் இசைந்தால்தான் விவாதம் நடக்கும். 1960இல் கென்னடியும் நிக்சனும் நான்கு முறை விவாதித்த பிறகு, 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அதிபர் வேட்பாளர்கள் நேருக்கு நேர் விவாதிக்கவேயில்லை. செல்வாக்கில் முந்தி நிற்பவர், எதிராளிக்குத் தன்னோடு சரிசமமான மேடையை அமைத்துத்தர விரும்புவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஒரு வேட்பாளருக்கு நேரம் ஒதுக்கும் ஒளிபரப்பு நிறுவனம், அதே பதவிக்குப் போட்டியிடும் ஏனையோருக்கும் சமவாய்ப்பு தரவேண்டும் என்ற 1934ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு காரணம். 1960 தேர்தலுக்காக அவ்விதியை நாடாளுமன்றம் நிறுத்திவைத்திருந்தது. வெளி அமைப்புகள் நடத்தும் விவாதத்தைச் செய்தி நிகழ்ச்சியாகக் கருதலாம் என்று 1975இல் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அவ்விதியைத் தளர்த்திய பின்னரே வழி பிறந்தது. 1976 முதல் எந்தத் தேர்தலும் விவாதமின்றிக் கழிந்ததில்லை.

கேள்வி: 1960 விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் கருதினார்களாமே? அப்படியென்றால் முகத்தோற்றம்தானே வெற்றியைத் தீர்மானிக்கிறது?

பதில்: இந்தக் கதையை அப்படியே ஏற்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். செப்டம்பர் 26 அன்று சிகாகோ அரங்குக்கு வந்த நிக்சன், முழங்கால் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்து மீண்டு, மெலிந்து களைத்திருந்தார் என்பது உண்மை. ஆனால் வானொலி நேயர்கள் பற்றிய அந்தக் கூற்று, மிகக் குறைவான வானொலி நேயர்களையே கேட்டறிந்த ஒரு கருத்துக்கணிப்பை நம்பி நிற்கிறது. அவர்கள் விவாதத்துக்கு முன்பே யார் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதை அது தெளிவாக்கவில்லை.

சொல்லும் கவிழ்க்கும் என்பதற்கு 1976 அக்டோபர் 6 சான்று. அன்று சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று சான்பிரான்சிஸ்கோவில் அதிபர் ஃபோர்டு சொன்னபோது, கேள்வி கேட்ட பத்திரிகையாளர் திகைத்து மீண்டும் வினவினார். திருத்திக்கொள்ளக் கிடைத்த அந்த வாய்ப்பிலும் ஃபோர்டு தம் கருத்தையே விரித்துரைத்தார். எழுதி வைத்த உரை கைகொடுக்காத இத்தகைய மறுகேள்விதான் விவாதத்தின் உயிர்நாடி என்று நான் நம்புகிறேன். நெறியாளர் அதைக் கேட்கத் தயங்கினால், இரண்டு தேர்தல் கூட்டங்களை ஒரே மேடையில் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக்கை அணைத்துவிடுவது பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா?

பதில்: ஆகாது. 2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லாந்தில் டிரம்ப் ஓயாமல் குறுக்கிட்டதில், அவரும் பைடனும் பேசியதைப் பின்தொடர்வதே பார்வையாளர்களுக்குக் கடினமாயிற்று. அதனால் அடுத்து நாஷ்வில்லில் நடந்த விவாதத்தில், ஒவ்வொரு தலைப்பிலும் முதல் இரண்டு நிமிடப் பதிலின்போது மட்டும் எதிராளியின் மைக் அணைக்கப்பட்டது. 2024இல் அட்லாண்டாவிலும் பிலடெல்பியாவிலும் அந்தக் கட்டுப்பாடு விவாதம் முழுமைக்கும் விரிந்ததோடு, அரங்கில் பார்வையாளர்களும் அனுமதிக்கப்படவில்லை. இருவருக்கும் விதி ஒன்றாக இருந்து, எவருடைய நேரமும் குறையாதவரை, இதில் எனக்கு மறுப்பில்லை; கைதட்டலின் உந்துதல் இல்லாமல் வாக்காளர் தாமே எடைபோட அது உதவவும் செய்கிறது.