மாமனாரின் துப்பாக்கியைக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: நாங்கள் களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 34 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கொச்சி போல்காட்டி மெரினாவில் நிறுத்தியிருக்கிறோம். வரும் ஜனவரியில் மாலத்தீவு, அங்கிருந்து சீஷெல்ஸ் என்று நாங்கள் இருவர் மட்டும் போகத் திட்டம். ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக என் மாமனார் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி, இப்போது கணவர் பெயரில் லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. அதையும் படகில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார். “சோமாலியாக்காரன் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா?” என்று கேட்கிறார். எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் பயத்தில் சொல்கிறேனா, விவரத்தோடு சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, துப்பாக்கி வேண்டாம். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. ஆனால் உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. அதை “அதெல்லாம் ஒன்றும் நடக்காது” என்று தள்ளிவிடக் கூடாது. நடந்திருக்கிறது.

2009 அக்டோபரில் சீஷெல்ஸிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் தம்பதியைச் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டு போய் 388 நாள் வைத்திருந்தார்கள். அவர்களும் உங்களைப் போல ஓய்வுக் காலத்தில் இரண்டு பேராகப் பாய்மரப் படகில் போனவர்கள்தான். 2011 பிப்ரவரியில் ‘குவெஸ்ட்’ என்ற படகில் மும்பையிலிருந்து ஓமன் பக்கம் போன நான்கு அமெரிக்கர்கள், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பக்கத்தில் நிற்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் நிலைமை அடங்கியது. 2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலை ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்று குறிப்பதையே கப்பல் துறை நிறுத்திவிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் ‘ரூயன்’ என்ற சரக்குக் கப்பலைக் கடத்தினார்கள். 2024 மார்ச்சில் நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா அதைச் சுற்றி வளைத்து, 35 கொள்ளையர்களைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது. ஆக, அவர் பயப்படுவது கற்பனை இல்லை. அந்தப் பயத்துக்கு மாமனாரின் துப்பாக்கி பதிலா என்பதுதான் பேச வேண்டியது.

துப்பாக்கி உதவிய சம்பவமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2005 மார்ச்சில் ஏமன் கரைக்கு அப்பால் இரண்டு அமெரிக்கப் பாய்மரப் படகுகளைக் கொள்ளையர்கள் சுட்டுக்கொண்டே நெருங்கினார்கள். ஒரு படகுக்காரர் உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற வேட்டைத் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். இரண்டு படகுகளும் தப்பின. ஆனால் அவர் சுட்டதோடு நிற்கவில்லை. தன்னுடைய இரும்புப் படகால் கொள்ளையர் படகை மோதவும் செய்தார். உங்களுடையது ஃபைபர் படகாக இருந்தால், ஏ.கே. 47 தோட்டா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். பன்னிரண்டு ‘போர்’ (குழல் அளவு) வேட்டைத் துப்பாக்கி நாற்பது மீட்டரைத் தாண்டினால் பெரிதாகப் பயன்படாது. எதிரில் இருப்பவன் முந்நூறு மீட்டரில் இருந்தே சுடுவான். உங்கள் கணவர் சுட்டுப் பழகியது தோட்டத்தில், அசையாத தரையில் நின்று. கடலில் தளம் ஒரு நொடி நிற்காது.

இன்னொரு சம்பவத்தை அவரிடம் சொல்லுங்கள். சர் பீட்டர் பிளேக், நியூசிலாந்துக்காரர், உலகம் அறிந்த பாய்மர வீரர். 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில் மகாபா அருகே நங்கூரமிட்டிருந்தபோது இரவில் திருடர்கள் ஏறினார்கள். அவர் உள்ளே போய் ரைஃபிளை எடுத்து வந்து சுட்டார். ஒருவன் கையில் பட்டது. அடுத்த குண்டு வரவில்லை, துப்பாக்கி மக்கர் செய்துவிட்டது. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படகில் மற்றவர்களும் இருந்தார்கள், அவர்கள் பிழைத்தார்கள். வந்தவர்கள் பணமும் பொருளும் எடுத்துப்போக வந்த திருடர்கள். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே இப்படி முடிந்தது என்றால், உப்புக் காற்றில் மாதக்கணக்கில் படுக்கைக்கு அடியில் கிடந்த துப்பாக்கியை அரைத்தூக்கத்தில் எடுத்து வருகிறவர் என்ன செய்துவிட முடியும்?

ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுவல்ல. நீங்கள் போகும் வழியில் இருட்டில் உங்களை நெருங்கப் போவது யார் என்று யோசித்துப் பாருங்கள். கொச்சியிலிருந்து மாலத்தீவின் வட முனையில் உள்ள உலிகமு ஏறக்குறைய 260 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் இரண்டு நாள் சொச்சம். அந்தக் கடல் முழுக்க நம் ஆட்கள். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி, பூத்துறை, சின்னத்துறை என்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் அங்கேதான் கிடக்கிறார்கள்.

அவர்கள் உங்களை நோக்கி வருவார்கள், இதை எதிர்பார்த்தே போங்கள். ஆயிரங்கால் தூண்டில், அதாவது கொக்கிகள் கோத்த நீளக் கயிறு, மைல்கணக்கில் நீண்டு கிடக்கும். இரவில் அதன் முனையில் ஒரு மிதவை, கொடிக்கம்பு, மினுக்கு விளக்கு, அவ்வளவுதான். உங்கள் படகின் அடியில் நீட்டியிருக்கும் கீல் அந்தக் கயிற்றை அறுத்தால் அவர்களுக்கு அந்தப் பயணமே நட்டம். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விசைப்படகு என்ஜினை முடுக்கி நேராக உங்கள் படகின் முன்முனையைப் பார்த்து வரும். டார்ச்சை உங்கள் முகத்தில் அடிப்பார்கள். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். காற்றில் ஒரு வார்த்தையும் புரியாது. ஒருவன் கையில் நீளமாக ஏதோ தெரியும். அது மீனை இழுக்கும் கொக்கிக் கம்பாக இருக்கும். இன்னொருவன் வெள்ளையாக எதையோ தலைக்கு மேல் ஆட்டுவான், தண்ணீர் கேட்டு ஆட்டுகிற காலி கேன். பக்கத்தில் வந்த பிறகுதான் “தெக்கால போ, தெக்கால போ” என்பது காதில் விழும். கையில் துப்பாக்கி இருக்கிற ஒருவர், கன்னத்தில் டார்ச் வெளிச்சம் பட, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன முடிவு எடுப்பார்?

இதற்கு விடை நம் கரையில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. 2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகு. ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள்? அன்று கப்பல் துறையின் வரைபடத்தில் ‘அதிக ஆபத்துப் பகுதி’ 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை நீண்டிருந்தது. கன்னியாகுமரியே அதற்கு மேற்கேதான் இருக்கிறது. அதாவது கேரளக் கரை முழுவதும், நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் கடல் முழுவதும், கொள்ளையர் கடல் என்று கோடு போட்டிருந்தார்கள். 2015 டிசம்பரில்தான் அந்தக் கோட்டை 65 டிகிரிக்குத் தள்ளினார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கை முடித்து வைத்தது. சுட்டவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள், நல்ல பகல் வெளிச்சம், உயரமான கப்பல் தளம். இவ்வளவு இருந்தும் மீனவனையும் கொள்ளையனையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருட்டில், தாழ்ந்த படகில், தூக்கம் இல்லாத கண்ணோடு உங்கள் கணவரால் முடியும் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அவர் நல்லவர் என்பதில் சந்தேகமே இல்லை. நல்லவர் கையால் அப்படி ஒன்று நடந்துவிட்டால், நீங்கள் இருவரும் அதற்குப் பிறகு எப்படி வீடு திரும்பி அதே சந்தையில் மீன் வாங்குவீர்கள்?

சரி, சட்டத்துக்கு வருவோம். முதலில் லைசென்ஸை எடுத்துச் செல்லுபடி எல்லை எது என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், துப்பாக்கி படகுக்கு வருவதற்கு முன்னால் களியக்காவிளை சோதனைச்சாவடியிலேயே சிக்கல். இந்தியா முழுவதும் என்று இருந்தாலும் அத்தோடு முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவு, ஆயுதம் வைத்திருக்க உரிமை உள்ளவர் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் தனி லைசென்ஸ் வேண்டாம் என்கிறது; ஆனால் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் மத்திய அரசின் உத்தரவு வரும் வரை துப்பாக்கியைப் பிடித்து வைக்கலாம். மாலத்தீவிலோ ஆயுதம் தடை செய்யப்பட்ட பொருள். உலிகமுவில் நங்கூரமிட்டதும் அதிகாரிகள் படகுக்கே வந்து கேட்பார்கள். உண்டு என்றால் அதை உங்கள் கையில் விட்டுவைக்க மாட்டார்கள். இல்லை என்று பொய் சொல்லி மாட்டினால் படகும் போகும், நீங்களும் உள்ளே போவீர்கள். பொதுவாகப் பல நாடுகளில் இதுதான் நடைமுறை: துப்பாக்கியை முத்திரையிட்டோ கரைக்கு எடுத்துப்போயோ வைத்துக்கொள்வார்கள், கிளம்பும்போது அங்கேயே வந்து வாங்க வேண்டும். திருட்டு அதிகம் நடப்பது நங்கூரத்தில் நிற்கும்போது. அப்போது துப்பாக்கி உங்களிடம் இருக்காது. அப்படியானால் எதற்கு இந்தப் பாடு?

காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னால், ‘சீமேன் கார்டு ஓஹியோ’வை நினைவுபடுத்துங்கள். 2013 அக்டோபரில் தூத்துக்குடியில் பிடிபட்ட கப்பல். கொள்ளையருக்கு எதிராகக் கப்பல்களுக்குக் காவல் போவதே அதில் இருந்தவர்களின் தொழில். எங்கள் ஆயுதங்கள் முறையானவை என்றே கடைசி வரை வாதாடினார்கள். 35 பேருக்கும் 2016-இல் ஐந்து வருடச் சிறைத் தண்டனை. 2017 நவம்பரில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. நான்கு வருடம் போனது போனதுதான்.

துப்பாக்கிக்கு அலையும் நேரத்தையும் பணத்தையும் வேறு விஷயத்தில் போடச் சொல்வேன். மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவில் உள்ள எட்டு டிகிரி கால்வாயை நீங்கள் நெருங்கும்போது பெரிய கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். கொள்ளையரைவிட எனக்கு அந்தக் கப்பல்கள்தான் பயம். 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன ‘ஓஷியானிக்’ விசைப்படகைக் கப்பல் ஒன்று மோதிவிட்டுப் போனதில் செத்தவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். உங்கள் படகை மற்றவர்கள் பார்க்கும்படி, அது இருக்கும் இடத்தை மற்ற கப்பல்களுக்குத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, ரேடார் பிரதிபலிப்பான், நல்ல விளக்கு, இவைதான் முதல் செலவு. அடுத்தது, ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் இ.பி.ஐ.ஆர்.பி. கருவி, அதுவும் பதிவு செய்தது. சாட்டிலைட் போன் வாங்கும் யோசனை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: துரையா, இரிடியம் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டில் வாங்கி வந்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

சோமாலியப் பயத்துக்கு மருந்து, வழியை மாற்றுவது. மாலத்தீவிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி, அதன் பிறகு சீஷெல்ஸுக்குத் திரும்புங்கள். மேற்கே அரபிக்கடலுக்குள் போகவே வேண்டாம். கிளம்புமுன், கப்பல்களுக்கு ஆபத்து எச்சரிக்கை தரும் பிரிட்டிஷ் அமைப்பான யு.கே.எம்.டி.ஓ.வுக்கு உங்கள் வழியைத் தெரிவியுங்கள், அன்றைய எச்சரிக்கைகளைக் கேளுங்கள். சம்பவங்கள் கூடியிருந்தால் மாலத்தீவோடு திரும்பிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. நங்கூரத்தில் இருக்கும்போது இரவில் டிங்கியை (கரைக்குப் போகும் சிறு படகை) தண்ணீரில் விடாதீர்கள், மேலே தூக்கிப் பூட்டுங்கள், என்ஜினைக் கழற்றி உள்ளே வையுங்கள். உள்ளிருந்து பூட்டக்கூடிய கம்பி போட்ட கதவும், ஆள் அசைந்தால் எரிகிற விளக்கும் போதும். திருடன் ஏறிவிட்டால் பொருளைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று உங்களுக்கே. இரவுக் காவலில் நீங்கள் தனியாக இருக்கும்போதுதான் படகு நெருங்கும். அப்போது என்ன செய்வது என்பதைக் கரையிலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். தளத்து விளக்கைப் போடுங்கள், படகின் பாய்மரமும் நீங்களும் அவர்களுக்குத் தெரியட்டும். அவரை எழுப்புங்கள். வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் தமிழில் கூப்பிடுங்கள், பதில் இல்லாவிட்டால் மலையாளத்தில். வெள்ளைக்கார யாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. “எங்கே தூண்டில் கிடக்கிறது, எந்தப் பக்கம் விலகட்டும்?” என்று ஸ்ராங்கை (படகோட்டும் தலைவரை) கேட்டால் நொடியில் பதில் வரும். கேன் ஆட்டினால் முடிந்த அளவு தண்ணீர் கொடுங்கள். நிஜமாகவே ஆபத்து என்றால் ரேடியோவில் சிவப்பு மூடி போட்ட டி.எஸ்.சி. என்ற அபாய அழைப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை அவர் மட்டுமல்ல, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழகுங்கள். போன் சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படை எண் 1554.

நீங்கள் பயத்தில் சொல்லவில்லை, சகோதரி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மாமனாரின் துப்பாக்கியை ஆளில்லாத வீட்டில் பூட்டி வைத்துவிட்டும் போகாதீர்கள். கிளம்பும் முன் காவல் நிலையத்தில் பேசி, அங்கேயோ அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி பயணத்துக்கு நடுவில் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.