23-ஆவது இடம்

வணக்கம் ஐயா. இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் மகனுக்கு 13 வயது, டென்னிஸ் ஆடுகிறான். சர்வ்வில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடியில், வேகமில்லை, உயரமும் போதாது என்கிறார் பயிற்சியாளர். ரமேஷே உலகத் தரவரிசையில் 23-ஆவது இடத்தைத் தாண்டவில்லை, இவன் என்ன ஆகப்போகிறான்? வாரம் மூன்று நாள் ஈப்போவுக்குக் கார் ஓட்டுவது வீண்தானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெட்ரோல் கணக்கு உங்கள் வீட்டு விஷயம். 13 வயதில் உயரத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு, விடுங்கள். ஆனால் '23-ஐத் தாண்டவில்லை' என்று எழுதினீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. உலகத்தில் அவருக்கு மேலே 22 பேர்தான், தம்பி! அதுவும் 1985-இல், இவான் லெண்டில் மாதிரி அடித்து நொறுக்குகிறவர்களுக்கு நடுவில், அந்த மெத்தென்ற சர்வ்வை வைத்துக்கொண்டு. பந்து எழும்பும்போதே எடுத்து, எதிராளி கொடுத்த வேகத்தையே அவருக்குத் திருப்பி, அவர் இல்லாத மூலையில் வைப்பார். விம்பிள்டனில் ஒருமுறை, அமெரிக்க ஓப்பனில் இருமுறை காலிறுதி வரை போனது இந்தக் கையால்தான். இதையா தோல்வி என்கிறீர்கள்?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்து கிளப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. துரைமார் ஆடுவார்கள், சில நாள் பெரிய கிராணியும், அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தரும். என் அப்பா விடியற்காலையில் பால் வெட்டப் போய்விட்டு, சாயங்காலம் அங்கே உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவார். ராக்கெட்டை அவர் தொட்டதில்லை, தொட யாரும் விட்டதும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டம் முழுக்க அவருக்கு அத்துப்படி.

1989 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாவது சுற்று. முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டர், அதற்கு முந்தைய ஆண்டு அதே பட்டத்தை வென்றவர், ரமேஷிடம் நேர் செட்டில், ஒரு செட்கூட எடுக்காமல், தோற்றார். பேப்பரில் வந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கடைசியில், "எந்தப் பந்துல முடிச்சானாம், அதைப் போடலியா?" என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. அன்று முழுக்க அவருக்கு அது ஒரு குறை.

சரி, உங்கள் மகன் சர்வ் போட்ட பிறகு என்ன செய்கிறான்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை ஈப்போவில் காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல், இறங்கிப் போய் வேலியோரம் நில்லுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.