பர்மிய பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்தது ஏன்?

மதிப்பிற்குரிய ஐயா,

பர்மாவில் 2007ல் பிக்குகள் பிட்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஊர்வலம் போன படத்தைப் பார்த்தேன். துறவிக்கு அரசியல் எதற்கு? பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்துக்கே இது விரோதம் இல்லையா? மதத்தில் தலையிடாத ஆங்கிலேயர் ஆட்சியில் இவர்கள் மடத்தோடுதானே இருந்தார்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மடத்தோடு இருக்கவில்லை. அதற்கு அந்தத் தலையிடாமையே பெரிய காரணம்.

மன்னராட்சியில் சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் அமைப்புக்கு, ஒரு தலைவர் இருந்தார். தாதனபைங் என்பது பதவியின் பெயர். நியமிப்பவர் மன்னர். மடத்து வழக்குகளைத் தாதனபைங் தீர்ப்பார். தீர்ப்பை நிறைவேற்ற அரசு அதிகாரிகள் இருந்தார்கள். 1885ல் தீபா மன்னரை ஆங்கிலேயர் இந்தியாவுக்கு நாடுகடத்தியதும் நியமிக்க ஆளில்லை. இருந்த தாதனபைங் 1895ல் இறந்தார். எட்டு ஆண்டுகள் பதவி காலி. 1903ல் தௌங்குவின் சயாடோ (சயாடோ என்றால் மூத்த பிக்கு) என்பவருக்கு அந்தப் பதவியில் அரசு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் பழைய அதிகாரம் திரும்பவில்லை.

விளைவு, இளம் பிக்குகளைக் கட்டுப்படுத்த மூத்த சயாடோக்களிடம் சொல்லைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. சுயராஜ்யம் பேசிய உத்தமா என்ற பிக்கு 1921ல் சிறை போனார். சிறையில் துவராடை உடுக்கும் உரிமை கேட்டு 166 நாள் உண்ணாவிரதம் இருந்த பிக்கு விசாரா 1929ல் இறந்தார். 1938ல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் இறங்கிய பிக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் தியாகக் கணக்கில் எழுத முடியாது.

இனி விநயம். பாத்திரத்தைக் கவிழ்ப்பது கோபத்தில் செய்த காரியம் அல்ல. விநயபிடகத்தின் சுல்லவக்கத்தில் உள்ள முறையான சங்க நடவடிக்கை அது. பாலியில் பத்தநிக்குஜ்ஜன கம்மம். ஒரு பிக்குமேல் வத்தன் என்ற லிச்சவி குலத்து இல்லறத்தார் பொய்ப்பழி சுமத்தியபோது வந்த விதி. பிக்குகளுக்குப் பிட்சை கிடைக்காமல் செய்வது, கேடு செய்வது, தங்க இடமில்லாமல் விரட்டுவது, வைவது, பிளவு மூட்டுவது, புத்தரையோ தம்மத்தையோ சங்கத்தையோ இழித்துப் பேசுவது என எட்டுக் குற்றங்கள். குறைந்தது நான்கு பிக்குகள் கூடித் தீர்மானத்தை முன்வைத்து ஒருமுறை அறிவிக்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் நிறைவேறியது. பிறகு குற்றம் செய்த இல்லறத்தாரிடம் தானம் வாங்கக் கூடாது. திருந்தி மன்னிப்புக் கேட்டால் பாத்திரத்தை நிமிர்த்தவும் அதேபோல் ஒரு முறை உண்டு.

2007 செப்டம்பர் 5 அன்று பக்கோக்கு என்ற ஊரில் ராணுவம் பிக்குகளை அடித்தது. ஆட்சியிலிருந்த ஜெனரல்கள் மன்னிப்புக் கேட்க 17ஆம் தேதிவரை கெடு; மன்னிப்பு வரவில்லை; 18ல் பாத்திரம் கவிழ்ந்தது. தானம் வாங்க ஆளில்லையென்றால் கொடுப்பவருக்குப் புண்ணியம் இல்லை. பகோடாவுக்குப் பொன் பூசியும் பிக்குகளுக்கு அன்னமிட்டும் தங்களைத் தர்மவான்களாகக் காட்டிவந்த ஜெனரல்களுக்கு அது நன்றாகவே உறைத்தது.

ஆனால் இந்த ஆயுதத்தில் ஓட்டை உண்டு. எல்லா மடங்களும் சேர்ந்து மறுத்தால்தான் பலிக்கும். வேறொரு சயாடோ வாங்கிக்கொண்டால் கொடுப்பவரின் கணக்கு நேராகிவிடும். ஆங்கிலேயர் காலியாக விட்ட இடத்தை 1980ல் ராணுவ ஆட்சியாளர் நே வின் நிரப்பியிருந்தார், அரசின் கைக்கடக்கமான சங்க மகாநாயக்கக் குழுவை வைத்து. 2007ல் பிக்குகள் உலக விவகாரங்களில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது அந்தக் குழுதான். அடுத்த சில நாட்களிலேயே ரங்கூன் மடங்களில் ராணுவம் இரவோடிரவாகப் புகுந்தது.